கிடாவில் பங்கு கேட்ட டைரக்டர்

போன வாரம் ஒரு போன்.

ஈரோட்டுப் பக்கம் மில் வைத்திருப்பவர். மேனேஜிங் டைரக்டர். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவராம். இப்படி ஆரம்பிக்கிறவர்களிடம் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன். பாராட்டு முடிந்த கையோடு ஒரு வேலை வரும் என்பது அனுபவம்.

வந்தது.

"மேடம், எங்க போர்டுக்கு ஒரு லேடி டைரக்டர் வேணும். உங்களுக்குத்தான் நாலு பேரைத் தெரியுமே... நல்லவங்களா ஒருத்தரைச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரவாயில்லையே, நாடு திருந்திவிட்டதா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து பேசினேன்.

"திடீரென்று எப்படி இந்த யோசனை?"

"எங்க சரக்கை வாங்கற வெளிநாட்டு பையர் ஒருத்தன் வந்திருந்தான் மேடம். போர்டு ரூம்ல எங்க குரூப் போட்டோ மாட்டியிருக்கோம். அதையே பார்த்துக்கிட்டு நின்னான். ஒரு லேடியைக்கூடக் காணோமேன்னு கேட்டுட்டான். ஒரு மாதிரி ஆயிருச்சு."

ஆக, போட்டோவில் இடம் காலி. சரி, எப்படியோ கதவு திறந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிப்பட்டவராக இருக்கணும்?"

"நல்லாப் படிச்சவங்களா... கௌரவமான குடும்பமா..." இழுத்தார். கல்யாணத் தரகரிடம் பேசுவது போலவே இருந்தது. "அப்புறம் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க... ரொம்பப் பேசாதவங்களா இருந்தா நல்லது."

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தேன். குழம்பு கொதித்தது. நானும்தான்.

கம்பெனி போர்டுகளில் பெண்கள் அதிகம் வரவேண்டும் என்று இப்போதெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். பேப்பரில் எழுதுகிறார்கள். ஏ.சி. ஹாலில் கூட்டம் போடுகிறார்கள். மேடையில் ஆறு ஆண்களும், குத்துவிளக்கேற்ற ஒரு பெண்மணியும் இருக்கிறார்கள். பேசட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வரும்.

அலமேலு.

அலமேலுவை எந்த மில்லுக்கும் தெரியாது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் — சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள் — ஒரு குக்கிராமம். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, வீட்டுச் சாப்பாட்டுக்குச் சாமை. பத்தாவது வரை படித்தவள். புருஷன் முருகேசன், பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஜாதி. இந்த அலமேலு ஒரு கம்பெனியின் டைரக்டராக இருந்தாள். நிஜ டைரக்டர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நான் பேங்கில் குப்பை கொட்டிய கதையெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. ரிட்டயர் ஆவதற்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு கிளைக்கு மேனேஜராகப் போட்டிருந்தார்கள். விவசாயிகளே ஒன்று சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று சட்டம் வந்த புதிது. மலை மேல் மிளகு விளைவிக்கிறவர்கள் சேர்ந்து ஒன்றை ஆரம்பித்தார்கள். உதவி செய்ய வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள் — போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

சேர்மன் பொன்னுசாமி யோசித்தார். நல்ல மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வில்லனைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். அவர் அலமேலுவைச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடத் தெரியும். ஊரோட ஒத்துப் போற புள்ள. அதிகம் பேசாதுங்க மேடம்."

கவனித்தீர்களா? மில்காரருக்கும் மலைக்காரருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. தேவை மட்டும் ஒன்றுதான்.

முதல் கூட்டத்துக்கு வந்தவள், நாற்காலி இருக்க, வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் முன்னால் பெண்கள் சரிக்குச் சரி உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. கடன் கொடுத்த பேங்க் என்பதால் எனக்கு அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு, ஓட்டு கிடையாது. "இங்கே வந்து உட்காரும்மா" என்று என் பக்கத்து நாற்காலியைத் தட்டினேன். வந்தாள். நாற்காலியின் முனையில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தாள். ஆண்கள் எல்லோரும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

இரண்டு கூட்டம் அப்படியே போனது. அதற்கடுத்த கூட்டத்தில்தான் களம் பற்றிப் பேச்சு வந்தது.

மிளகைக் காயப்போட ஒரு சிமெண்ட் களம் கட்ட வேண்டும். பணம் வந்துவிட்டது. எங்கே கட்டுவது? செம்மேட்டில், பஸ் நிற்கிற ரோட்டோரமாகக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அலமேலு முந்தானையைச் சரி செய்துகொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"ஏனுங்க மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

சேர்மன் திரும்பிப் பார்த்தார். "சொல்லு கண்ணு."

"மிளகு பறிக்கறது ஆம்பளைங்க. மரத்துல ஏணியச் சாத்தி ஏறிப் பறிச்சுப் போட்டாச்சுன்னா அவங்க சோலி முடிஞ்சுது. அதுக்கப்பறம் கொத்துலருந்து உதுக்கறது, காய வெக்கறது, மூட்டையத் தூக்கிட்டு ரோட்டுக்கு வாரது பூராப் பொம்பளைங்க. எங்கூருலருந்து செம்மேட்டுக்கு ஈர மிளகத் தூக்கிட்டு வந்து, காய வெச்சு, பொழுதெல்லாம் காவலிருந்து, மறுக்கா ஊட்டுக்குப் போயி சோறாக்கறதுன்னா ஆகுமுங்களா? களத்த எங்கூருப் பாறை மேட்டுல போடுங்க. நாங்க ஊட்டு வேலையும் பாத்துக்கிட்டு மிளகையும் பாத்துக்குவோம். காஞ்சதத் தூக்கறது லேசுங்க. ஈரத்தத் தூக்கறதுதானுங்க பாரம்."

அவ்வளவுதான். பேசி முடித்ததும் அவளுக்கே வெட்கம். நாற்காலியின் முனைக்குப் போய்விட்டாள்.

எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்தது. காய்ந்த மிளகை வாங்க அடிவாரத்திலிருந்து காதர் பாய் வருவார். காளப்பநாயக்கன்பட்டியில் மண்டி வைத்திருப்பவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பார். பனி பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் அங்கேயே விலை இறங்கிவிடும். அதனால் களம் எங்கே என்பது சின்ன விஷயமில்லை. அந்த வீடுகளுக்கு அந்த வருஷத்துச் சம்பாத்தியமே அதில்தான் இருந்தது.

"நியாயமாத்தான் இருக்குது" என்றார் சேர்மன். நிஜமாகவே சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். "அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணிக்கலாம்."

அலமேலு அன்றைக்கு பஸ் ஏறின அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊருக்குப் போனவள் சும்மா இருந்தாளா? பெண்களை எல்லாம் கூட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், பாறை மேட்டில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை எல்லாம் வெட்டி, இடத்தைச் சுத்தம் செய்து, கோலம் போடாத குறையாக வைத்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் காதர் பாய் பேங்குக்கு வந்தார்.

"மேடம், களம் செம்மேட்டுல வருதாமே? எனக்கு நல்லதாப் போச்சு. லாரி நேரா வந்து நிக்கும்."

"யார் சொன்னது? இன்னும் முடிவே ஆகவில்லையே!"

"ஆயிருச்சுங்களே. காட்டுக் கோயில் விருந்துல பேசி முடிச்சுட்டாங்கன்னு லாரி டிரைவர் சொன்னானே..." என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. அலமேலுவுக்கும் தெரியாது. மிளகு வாங்குகிறவருக்குத் தெரியும், லாரி ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

அந்தக் காட்டுக் கோயில் விருந்து பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, காட்டுக்குள் ஒரு சாமி. மற்ற நாளெல்லாம் யார் வேண்டுமானாலும் போய்க் கும்பிடலாம். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஆண்கள் மட்டுமே போவார்கள். கிடா வெட்டி, அவர்களே சமைத்து, அங்கேயே இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அன்றைக்குப் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. ஒரு பருக்கை சோறு வீட்டுக்கு வரக்கூடாது. மிஞ்சினதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். பூசின திருநீறைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள்.

மலையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கீழேயும் அங்கங்கே இந்த மாதிரி விருந்து உண்டு. ஆண்கள் வருஷத்துக்கு ஒரு நாளாவது சமைக்கிறார்களே என்று சந்தோஷப்படுகிற ஆள் நான்.

ஆனால் நாள் பூராவும் ஊர் ஆண்கள் ஒரே இடத்தில். அடுப்பில் கறி வேக நேரமாகும். சும்மா உட்கார்ந்திருப்பார்களா? பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? களம், லாரி, மிளகு விலை... இதைத்தானே பேசுவார்கள். கம்பெனியின் டைரக்டர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தியைத் தவிர.

கூட்டம் வந்தது. சேர்மன் எடுத்த எடுப்பில் "களம் செம்மேட்டுலன்னு பேசி முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார்.

"எப்பங்க மாமா பேசுனீங்க?" என்றாள் அலமேலு.

"கோயில்ல எல்லாருமா இருந்தமில்ல கண்ணு, அப்படியே பேசிட்டம்."

"நானில்லீங்களே."

சேர்மனுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. "அங்க நீ எப்படிக் கண்ணு வர முடியும்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மட்டம் தட்டவும் இல்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்று ஒருவர் சொன்னால் எப்படிச் சொல்வாரோ, அப்படிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் குறுக்கே புகுந்தேன். கூட்டத்தில் வைத்துப் பேசாமல் எப்படித் தீர்மானம் போடுவீர்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பிடி பிடித்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு சேர்மன் சொன்னார்:

"அதுக்கென்னங்க மேடம், இப்பவே பேசிருவோம். செம்மேடு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

தூக்கினார்கள். ஒரு கையைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. சட்டத்துக்குத் திருப்தி. காட்டுக் கோயிலிலிருந்து சோறுதான் வீட்டுக்கு வரக்கூடாது... தீர்மானம் வரலாம்.

கீழே இறங்கி வரும்போது பஸ்ஸில் எனக்கு என் பேங்கே ஞாபகத்துக்கு வந்தது. ஊரூராகப் போய் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் மீட்டிங் முடிந்ததும் ஆண் மேனேஜர்கள் எல்லாம் ஹோட்டலில் பெரிய அதிகாரியின் ரூமில் கூடுவார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேர் இருப்போம். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ரூமில் டி.வி. பார்ப்போம். காலையில் டிபன் சாப்பிட வந்தால், யாருக்கு எந்த ஊர், யாருக்கு பிரமோஷன் என்று எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பேங்கில் இதற்குக் கிடா தேவைப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அலமேலு ராஜினாமா செய்துவிடுவாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்தாள். நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். செம்மேட்டுக் களத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலது நடந்தது. ஆண்களும் அவள் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஒருமுறை சேர்மனே, "இதுக்கு அலமேலு என்ன சொல்லுது?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. களம்தான் போய்விட்டது, நாற்காலியாவது நிலைத்துவிட்டது என்று நம்பினேன்.

மறு வருஷம் விருந்து வந்தது. அதற்கு முந்தின கூட்டத்தில் சேர்மன் ரொம்ப உற்சாகமாக அறிவித்தார்.

"கம்பெனி நல்லா நடக்குது. அதனால இந்த வருஷம் கம்பெனி பேருலயும் சாமிக்கு ஒரு கிடா."

எல்லோருக்கும் சந்தோஷம். அலமேலுவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கம்பெனிக் கிடான்னா அதுல எனக்கும் ஒரு தொடை உண்டுதானுங்களே மாமா? நானும் டைரக்டருதானே!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன சாமர்த்தியமான பேச்சு!

சிரித்தது நான் ஒருத்திதான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேர்மன் அவளைப் பார்க்காமல், "அப்படியெல்லாம் பேசக்கூடாது கண்ணு" என்று மெதுவாகச் சொன்னார். அலமேலுவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. விளையாட்டாக வந்த வார்த்தை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அந்த ஊரில் யாரும் விளையாடுவதில்லை. பிறந்து வளர்ந்த அவளுக்கு அது தெரியாதா என்ன? டைரக்டர் நாற்காலி கொடுத்த தைரியத்தில் ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள்.

அதோடு போயிருக்கும். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மிளகுக் கொடிக்கு வாடல் வந்தது. வேரில் தண்ணீர் நின்றால் வருகிற நோய். முன்னாலும் வந்திருக்கிறது, பின்னாலும் வந்தது. ஆனால் அந்த வருஷம் அதற்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது. சாமி கறியில் பொம்பளை பங்கு கேட்டுவிட்டாள் என்று எடப்புளி நாட்டில் கிளம்பின பேச்சு ஆலத்தூர் நாடு வரைக்கும் போய்விட்டது. எத்தனையோ வீட்டில் கொடி கருகியது. அலமேலுவின் கொடியும்தான் கருகியது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. பேசின வார்த்தை அவளுடையது. மன்னிப்புக் கேட்க நின்றது புருஷன் முருகேசன்.

டைரக்டர் பதவியை விட்டு நின்றுவிட்டதாகச் சொல்ல பேங்குக்கு வந்த அலமேலு, இதையும் என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு காலை நேரம். முருகேசன் உள்ளே வரவில்லை. வாசலில் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றார். கண்ணாடி வழியாக எனக்கு அவர் முதுகு தெரிந்தது.

"துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாருங்க மேடம். சின்னப் பசங்கல்லாம் பாத்துக்கிட்டிருந்தாங்க. எம் பொண்டாட்டி தெரியாம பேசிட்டான்னு சொன்னாராமா. தேங்காய ஒடச்சு, கற்பூரம் கொளுத்தி, விழுந்து கும்புட்டாராமா. ஊட்டுக்கு வந்து என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. திட்டுனாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டுனாரு, படுத்துட்டாரு."

"நீ என்னம்மா தப்புச் செய்தாய்? எதற்காகப் பயப்படுகிறாய்?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடிதம் எழுதுகிறேன், மேலிடத்தில் பேசுகிறேன், அந்த வெளியூர்க்காரர்களைக் கூப்பிடுகிறேன் என்று அடுக்கினேன்.

அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சொன்னா எனக்கு மறுபடி நாற்காலி குடுத்துருவாங்க மேடம். அது தெரியுமுங்க. நான் மறுக்காவும் பேசுவேன். என்னால சும்மா இருக்க முடியாதுங்க. நான் பேசுனா அங்க நிக்கப்போறது அவருதானுங்களே... அவரை மறுபடி அங்க நிக்க வெக்க என்னால ஆகாதுங்க."

காபி வரவழைத்தேன். அவள் தன்னுடையதைக் குடிக்காமல், டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்றவரிடம் கொடுத்தாள்.

சேர்மன் பொன்னுசாமியைப் பிறகு ஒரு நாள் பிடித்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் வருத்தந்தானுங்க மேடம். வெவரமான புள்ள. கம்பெனிக்கு அது இல்லாதது கை ஒடிஞ்ச மாதிரித்தான் இருக்குது. ஊரு வாய நான் மூட முடியுங்களா?" கண் கலங்கிச் சொன்னார். பொய்யில்லை. நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷர் என்று. நல்ல மனுஷர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காலியான இடத்துக்கு ஒரு பெண் வேண்டுமே, நிபந்தனை இருக்கிறதே? சேர்மனின் சம்சாரம் வந்தார். அருமையான பெண்மணி. கூட்டம் ஆரம்பித்ததும் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ போடப் போவார். டீ நன்றாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் பைலைப் புரட்டி, பெண் டைரக்டர் இருக்கிறாரா, இருக்கிறார் என்று டிக் அடித்துவிட்டு, அந்த டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் பழங்கதை. மில்காரர் போன் செய்த அதே வாரம் காதர் பாய் மகளுக்குக் கல்யாணம். காளப்பநாயக்கன்பட்டிக்குப் போயிருந்தேன். பிரியாணி விருந்தை ஒரு கை பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மலைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

செம்மேட்டில் இறங்கினதும் களத்தைப் பார்த்தேன். நல்ல களம், சிமெண்ட் இன்னும் விரியவில்லை. ஒரு ஓரத்தில் யாருடைய டிராக்டரோ நின்றது. நடுவில் வலை கட்டிப் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மிளகு? ஒன்றுகூட இல்லை.

அங்கிருந்து எடப்புளி நாட்டுக்குப் போகிற பஸ் வழியில் தடுமாறித் தடுமாறிப் போனது. டிரைவர் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டினார். எட்டிப் பார்த்தேன். ரோட்டில் பாதியை அடைத்துத் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நீளத்துக்குப் பெண்கள் குந்தி உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். வண்டி வரும்போது எழுந்து ஒதுங்குவதும், போன பிறகு சிதறினதைக் கூட்டிச் சேர்ப்பதுமாக இருந்தார்கள். மேலே பாறை மேடு தெரிந்தது. உண்ணிச்செடி மறுபடி ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது. பூ வேறு பூத்திருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மேடம்! வாங்க வாங்க!"

அலமேலுதான். முன்நெற்றி நரைத்திருக்கிறது. மிளகுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தார்ப்பாய் ஓரத்திலேயே எனக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தாள். முருகேசன் சௌக்கியம். பெண் நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறாள். மிளகு விலை பரவாயில்லை.

"அந்த நாற்காலியை நினைச்சுப் பார்ப்பதுண்டா அலமேலு?" கேட்டிருக்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

மிளகைத் துழாவிக்கொண்டே சொன்னாள். "பஸ்ஸு வாரப்ப எந்திரிக்கறமில்லீங்க... அப்பெல்லாம் நெனச்சுக்குவேன்."

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று மில்காரர் போனில் பேசினதைச் சொன்னேன். வெளிநாட்டுக்காரன், போட்டோ, ரொம்பப் பேசாத லேடி... எல்லாம் சொன்னேன். நிஜமாகவே சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"உன் பேரைச் சொல்லட்டுமா? போர்டுக்குப் போகிறாயா?" என்றேன்.

அவள் சிரிப்பு அடங்கியது. கொஞ்சம் யோசித்தாள். கேலியாகக் கேட்டதை அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அவங்க எங்கீங்க சோறு திங்கறாங்க?"

"யாரு?"

"அந்தக் கம்பெனி ஆம்பளைங்க. கூட்டத்துக்கு முன்னால எங்கயாச்சும் ஒண்ணா உக்காந்து திம்பாங்கல்லங்க... அங்க என்னையும் கூப்புடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க மேடம். கூப்புட்டா வாரேன். நாற்காலி மட்டும்னா வேண்டாங்க."

ஊருக்கு வந்ததும் மில்காரருக்கு போன் போட்டேன். பேர் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு ஏக மகிழ்ச்சி.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றேன். "போர்டு மீட்டிங்குக்கு முன்னால நீங்களெல்லாம் சேர்ந்து பேசிக்கொள்வீர்களே... அது எங்கே?"

"அதுவா மேடம்? எல்லாம் நம்ம கிளப்லதான். சனிக்கிழமை சாயங்காலம் பசங்க எல்லாரும் வந்துருவோம். பாதி விஷயம் அங்கேயே முடிஞ்சுரும்." குரலில் பெருமை.

"அங்கே பெண்கள் வரலாமா?"

"ஓ, தாராளமா! வருஷத்துல ஒரு நாள் ஃபேமிலி டே வெக்கிறோமே மேடம்!"

வருஷத்தில் ஒரு நாள் என்றதும் எனக்குக் காட்டுக் கோயில்தான் ஞாபகம் வந்தது... அங்கே பெண்கள் வரக்கூடாதது அந்த ஒரு நாள் மட்டும்தான்.